பெயர்ப் பட்டியலில் நீ இல்லை

துஷ்யந்தி,

கடிதம் கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவாய் என்று எனக்குத் தெரியும். இதை அப்படி வாசிக்காதே. முதலிலிருந்து வாசி. நான் கோபத்தோடு எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது கோபம் ஆறிவிடும் என்று நினைக்கவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "அம்மா, தே வோன்ட் மீ பாக். அதே காரக்டர், புது சீரிஸ். அடுத்த கிழமை புதன் மெல்பேர்ணில இருந்து டோக்கியோவுக்கு வெளிக்கிடுறன்" என்றாய். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பேர் போடுவினமோ?" "சேம் கொண்டிஷன்ஸ்" என்றாய், பழைய நிபந்தனைதானாம். அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். இருபது வருடமாக ஓர் ஆஸ்பத்திரியின் தொலைபேசி இணைப்பு மேசையில் இருந்து வேலை செய்கிறவள் நான். தாயைப் பறிகொடுத்தவர்களும் குடித்துவிட்டு எடுப்பவர்களும் எத்தனையோ பேர் என்னிடம் கத்தியிருக்கிறார்கள். ஒருநாளும் நான் குரலை உயர்த்தியதில்லை. என் ஒரே பிள்ளையோடு மட்டும் அரை நிமிடம் ஒழுங்காகப் பேச எனக்குத் தெரியவில்லை. அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எழுதிப் போடன். எழுத்தில கத்தினால் அவள் கட் பண்ணேலாது" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பிழைகளிலிருந்து தொடங்குகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது எதையும் நீ கேட்கமாட்டாய். நீ மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தாய். எண்பத்து மூன்றுக் கலவரம் எங்களை என்ன செய்தது என்று உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், திரும்பச் சொல்லவில்லை. வந்ததிலிருந்து எனக்கு ஒரே ஒரு கவலைதான்: நீ ஒரு நல்ல வேலைக்குப் போகவேண்டும், உன்னை யாரும் துரத்த முடியாத வேலைக்கு. உன் குரலை நான் ஒரு பொருட்டாக எடுக்கவேயில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன் காலையில் தொலைக்காட்சியில் போகும் ஜப்பானியக் கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, குசினி மேசையில் பாண் சாப்பிட்டபடி அதில் வந்த எல்லோரையும் போலவும் பேசிக் காட்டுவாய். கிழவன், பூனை, கெட்டவன், அழுகிற குழந்தை, எல்லாம் ஒரு வாயிலிருந்து வரும். அப்பா சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சிந்துவார். நான் "பஸ் போகப்போகுது" என்பேன். ஏழாம் வகுப்பில் பிரெஞ்சு வகுப்பில் இடமில்லையென்று உன்னை ஜப்பானிய வகுப்பில் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, பெற்றோர் கூட்டத்தில் உன் ஜப்பானிய ரீச்சர் என்னிடம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இவள் ஒசாகாவில் பிறந்த பிள்ளை என்று நினைப்பேன் என்று சொன்னார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? கணக்கில் ஏன் புள்ளி குறைந்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் கணக்கு ரீச்சர்கூட இல்லை.

பாமசிப் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு டோக்கியோவுக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் உன்னோடு ஐந்து கிழமை பேசவில்லை. நீ போய்விட்டாய். பகலில் அலுவலகக்காரருக்கு ஆங்கிலம் படிப்பித்து, மாலையில் கார்ட்டூனுக்குக் குரல் கொடுக்கப் பழக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்தாய். அங்கிருந்து தொலைபேசி எடுத்து நீ சொன்ன கதைகள்தான் என்னை மெல்ல மெல்ல மாற்றின. ஒலிப்பதிவு அறையில் எல்லோரும் கையில் வசனத் தாளோடு நிற்பீர்கள், நாலு மைக்குக்கு இருபது பேர், உன் வசனம் வரும்போது சத்தமில்லாமல் முன்னுக்கு வந்து, சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் பின்னுக்குப் போகவேண்டும். தாளைத் திருப்புகிற சத்தம் கேட்கக்கூடாது. சரசரக்கிற உடுப்புப் போடக்கூடாது. வயிறு இரைந்தால் எல்லோரும் திரும்பத் தொடங்கவேண்டும் என்று, பசிக்காவிட்டாலும் போகமுன் ஒரு வாழைப்பழம் சாப்பிடுவாய். அப்போது முதல் தடவையாக எனக்கு விளங்கியது, இது விளையாட்டில்லை, இதுவும் ஒரு தொழில் என்று. என் மகள் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று.

பிறகு அந்தக் குழு வந்தது. அதன் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அவர்களுக்கு இன்னுமொரு விளம்பரம். நாலு பெண்பிள்ளைகள் பாடி ஆடுகிற குழு, அந்த நாலு பேருமே ஒரு கார்ட்டூன் தொடரில் நாலு சகோதரிகளுக்குக் குரல் கொடுப்பார்கள், தொடரின் பாட்டும் அவர்களுடையது, அதில் நானும் இருக்கிறேன் என்று சொன்னாய். இசைத்தட்டு தபாலில் வந்தது. மட்டையில் நாலு பிள்ளைகளின் படம் இருந்தது, நீ அதில் இல்லை. "கவருக்கு அவை மட்டும்தான் அம்மா. நான் ரெக்கோர்டிங்கில" என்றாய். ஐந்தாவது ஆள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிற்கவில்லை. இங்கே சிட்னியில், பென்டில் ஹில்லில் மரக்கறி வாங்கப் போனாலும், பிளாக்டவுனில் சாமான் வாங்கப் போனாலும், எதிரில் வந்த எல்லோருக்கும் சொன்னேன். பாமசியை விட்டுவிட்டாள் என்று மூன்று வருடம் தலையைக் குனிந்து திரிந்தவள், இப்போது இசைத்தட்டைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அப்பா காரில் அதைத் தவிர வேறொன்றும் போடவிடமாட்டார். ஒரு சொல்கூட விளங்காமலே அந்தப் பாட்டு முழுவதையும் பாடமாக்கிவிட்டார்.

ஒரு டிசம்பர் லீவுக்கு நீ வந்து நின்றாய். தொடரின் டிஸ்க்கைப் போட்டோம். முடிவில் பெயர்கள் ஓடின, எல்லாம் ஜப்பானிய எழுத்து. "உன்ர பேர் எது பிள்ளை?" என்று கேட்டேன். நீ எழும்பிப் போய் தொலைக்காட்சியில் ஒரு வரியில் விரலை வைத்தாய். "இதுதான் அம்மா." மூன்று எழுத்து. முதல் எழுத்து கூரை போட்ட வீடு மாதிரி இருந்தது. நீ திரும்பிப் போனபிறகு ஒவ்வொரு பாகத்தையும் கடைசிவரை பார்த்தேன். கதை விளங்கவில்லை. அந்த மூன்று எழுத்து வரும்வரைக்கும் காத்திருப்பேன். வரும். ஒரு விநாடி நிற்கும். மேலே போய்விடும். நான் போய் உலையை வைப்பேன். இரண்டு வருடம், துஷி. இரண்டு வருடமாக இப்படி இன்னொருத்தியின் பெயரைப் பார்த்து நான் பூரித்துக்கொண்டிருந்தேன். உன்னை நான் எத்தனையோ விஷயத்துக்கு மன்னித்திருக்கிறேன். அந்த விரலை இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் உங்கள் குழு சிட்னிக்கு வந்தது. ஜப்பானியக் கார்ட்டூன் பிரியர்கள் கூடும் ஒரு நிகழ்ச்சிக்கு. நீ மூன்று நாள் நகரத்தில் ஹோட்டலில் நிற்பதாகவும், வேலை முடிந்து நாலாம் நாள் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னாய். "ஷோவுக்கு வராதேங்கோ அம்மா. உங்களுக்கு போர் அடிக்கும்" என்றாய். நான் ஓம் என்றேன். சொல்லிவிட்டு ரிக்கெற் வாங்கினேன். அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமில்லை, பழைய தமிழ்ப் பள்ளிக்கூட அன்ரி ஒருவருக்கும் அவர் மகளுக்கும் சேர்த்து வாங்கினேன். ஏன் அவர்களுக்கு என்று பிறகு சொல்கிறேன்.

பகல் இரண்டு மணி நிகழ்ச்சி. மண்டபம் நிறைய இளம்பிள்ளைகள், நீலத் தலைமயிரும் அட்டை வாளுமாக. நாங்கள் நாலு பேரும் சேலையும் கோட்டுமாக நடுவில் இருந்தோம். மேடையின் இரண்டு பக்கமும் பெரிய துணிப் பதாகைகள், அந்த நாலு பிள்ளைகளும் ஆளுயரத்துக்கு மேல். வலப்பக்கத்தில் கடைசிப் பிள்ளை வெள்ளைவெளேரென்று, நாடியில் விரலை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய காலடியில் மூன்று எழுத்து. முதல் எழுத்து கூரை போட்ட வீடு மாதிரி.

நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். "இது இவளின்ர பேரெல்லே" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பாட்டுத் தொடங்கியது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்தாள், உன் குரல் வந்தது. மேலே எட்டிப் பிடிக்கிற இடத்துக்கு முன்னால் நீ மூச்சை ஒரு சின்ன வெட்டு வெட்டி இழுப்பாய், நாலு வயதிலிருந்து அப்படித்தான். அந்த வெட்டு அவளுடைய வாயிலிருந்து வந்தது. பதிவு செய்ததைப் போடுகிறார்கள், ஏதோ தவறு நடந்துவிட்டது, நீ பிறகு மேடைக்கு வருவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் திரையில் கார்ட்டூனை ஓடவிட்டு, நாலு பேரும் மைக்கின் முன்னால் நின்று, அந்த இடத்திலேயே குரல் கொடுத்துக் காட்டினார்கள். ஒரு கட்டத்தில் நடத்துநர் ஆங்கிலத்தில், சிட்னிக்கு ஒரு வணக்கம் சொல்லச் சொல்லிக் கேட்டார். சின்னச் சகோதரியின் குரலில் 'ஹலோ சிட்னி' என்று வந்தது. அது பதிவில்லை. அது அந்த விநாடியில் உயிரோடு சொல்லப்பட்டது. அப்படியென்றால் நீ அங்கேதான் எங்கேயோ நிற்கிறாய்.

அன்ரி என் காதுக்குள் குனிந்து கேட்டார்: "எங்க உம்மட மகள்?"

நான் எழும்பினேன். அப்பா சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். மேடையின் பக்கத்தில் ஒரு கறுப்புத் திரை, அதற்குக் காவலாக ஒரு வெள்ளைக்காரப் பெடியன். "மை டோட்டர் இஸ் இன்சைட்" என்றேன். நான் பொய் சொல்வதாக அவனுக்குத் தோன்றவில்லை போலும், விலகினான். உள்ளே நீ நின்றாய். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, காலில் சப்பாத்துக்கூட இல்லை, சத்தம் கேட்குமென்று. கையில் வசனத் தாள். கழுத்து அளவு உயரத்தில் ஒரு மைக். சின்னத் திரையொன்றில் அந்தப் பிள்ளையின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாய். உன் முகம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் நான் பார்த்தேன். அதை மறைக்கமாட்டேன். அப்படியொரு முகத்தை உன்னிடம் நான் முன்னர் கண்டதில்லை.

கண்டும் கத்தினேன். "துஷி! உனக்கு வெக்கமில்லையோ? வெளியில வாடி! வெளியில வந்து நில்!" என் குரல் உன் மைக்கில் ஏறி மண்டபம் முழுக்கக் கேட்டது. நீ பாதி வசனத்தில் நின்றுவிட்டாய். வெளியில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள், சத்தம் வரவில்லை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சாதனக் கோளாறு என்று அறிவித்து, விளக்கை அணைத்தார்கள்.

பின்னால் ஓர் அறையில் உங்கள் மனேஜர் என்னோடு பேசவேயில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளை, ரினா, ஓடி வந்து என் முன்னால் இடுப்புவரை குனிந்தாள். நிமிரவேயில்லை. அழுதழுது "சொறி, மதர், சொறி" என்றாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. அவளை நான் தூக்கி நிமிர்த்தவில்லை. "கள்ளி" என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை, உனக்கு விளங்கியது. "அவளை ஏசாதேங்கோ. அவளையும் கேட்டே வச்சவை?" என்றாய். முகம் வெள்ளை, குரல் சரியில்லை என்று அவளுக்கு, குரல் சரி, முகம் கறுப்பு என்று உனக்கு; இரண்டு பேரையும் ஒட்டி ஓர் ஆளாக்கி விற்றார்கள் என்று நீ சொன்னாய். இரண்டு பாட்டுக்கும் ஒரு தொடருக்கும் என்று தொடங்கி, மூன்று வருடமாகிவிட்டது என்றாய். வெளியில் சொன்னால் வேலை இல்லை, விசாவும் இல்லை. பேசிய சம்பளம் 'உச்சரிப்பு ஆசிரியை' என்ற பெயரில். "ஏன் சம்மதிச்சனீ?" என்று கேட்டேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "திரைக்குப் பின்னால நிண்டு பாட எனக்கு ஆர் பழக்கினது அம்மா?" என்றாய்.

இனி, அந்த அன்ரிக்கு நான் ஏன் ரிக்கெற் வாங்கினேன் என்று சொல்கிறேன். இதை நீ மறந்திருப்பாய் என்று பதினைந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். உனக்கு ஒன்பது வயது. தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இசை நாடகம். நாயகி வேடத்துக்கு நீ ஒரு மாதம் பழகினாய், எல்லாப் பாட்டும் உனக்குப் பாடம். விழாவுக்கு இரண்டு கிழமை இருக்க, நாடகத்தைப் பொறுப்பெடுத்திருந்த அந்த அன்ரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை நல்லாப் பாடுறா, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இளவரசியெண்டால் கொஞ்சம் நிறமா இருந்தால்தானே மேடைக்கு எடுப்பா இருக்கும். என்ர மகள் நடிக்கட்டும். துஷி பின்னுக்கு நிண்டு பாடட்டும். என்ன சொல்லுறீர்?" நான் என்ன சொன்னேன்? "ஓம், அதுக்கென்ன" என்றேன். எங்களுக்கு வாடகைக்கு வீடு எடுத்துத் தந்தவர் அவர். எனக்கு அந்த ஆஸ்பத்திரி வேலையைச் சொல்லிவிட்டவரும் அவர்தான். ஆனால் அதெல்லாம் காரணமில்லை. அவர் சொன்னது சரியென்று எனக்கும் பட்டது. அதுதான் உண்மை. என் பிள்ளை கறுப்பு, இளவரசிக்குப் பொருந்தாது என்று நானும் நினைத்தேன்.

அப்பா மட்டும் சண்டை பிடித்தார். "அப்ப அவள் பாடவும் தேவையில்லை" என்றார். நான் அவருடைய வாயை அடைத்தேன். விழாவன்று உனக்குப் புதுப் பட்டுப் பாவாடை சட்டை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து, பொட்டும் வைத்துவிட்டேன். திரைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைக்கு. இருட்டில் பாட்டுக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு நீ முழுவதும் பாடினாய். சனம் கைதட்டியது, அந்தப் பிள்ளை முன்னால் நின்று கும்பிட்டாள். காரில் வரும்போது "அம்மா, என்ர பாவாடையை ஒருத்தரும் பாக்கேல்லை" என்றாய். நான் "பாட்டு எல்லாருக்கும் கேட்டதுதானே" என்றேன். இன்றைக்கு உன் மனேஜர் உனக்குச் சொல்கிறதும் இதே வசனம்தான். அவர் ஜப்பானிய மொழியில் சொல்கிறார், நான் அதைத் தமிழில் முதலில் சொல்லிவிட்டேன்.

அதனால்தான் அன்றைக்கு அந்த அன்ரியையும் மகளையும் பக்கத்தில் இருத்தினேன். பாரும், நீர் ஒதுக்கின பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று அவருக்குக் காட்டுவதற்கு. மேடையில் நீ இல்லை என்றதும் எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த அவமானம். உனக்காகக் கத்தினேன் என்று மூன்று வருடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பொய். எனக்காகத்தான் கத்தினேன். உனக்காகக் கத்தியிருந்தால் அந்த மனேஜரிடம் போய்க் கத்தியிருப்பேன். உன்னைப் பார்த்து வெட்கமில்லையோ என்று கேட்டிருக்கமாட்டேன். இந்தக் கடிதத்தைத் தமிழ்ப் பள்ளிக்கூட மலரில் போடக் கொடுக்க எனக்கு விருப்பம். நீ ஓம் என்றால் மட்டும் கொடுப்பேன். பிள்ளைகளை நிறம் பார்த்து நிறுத்துகிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், வாசிக்கட்டும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மண்டபத்தில் எடுத்த படம் இணையத்தில் போனது. குழுவைக் கலைத்தார்கள். ரினாவை மேசைக்குப் பின்னால் நிறுத்தி, ரசிகர்களை ஏமாற்றியதற்குத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்கவைத்தார்கள்; ஏமாற்றச் சொன்னவர்கள் ஒருவரும் குனியவில்லை. குரல் கொடுத்தது யாரென்று அப்போதும் சொல்லவில்லை, 'பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்' என்று எழுதினார்கள். நீ வீட்டுக்கு வந்து நாலு நாள் நின்றாய், என்னோடு ஒரு சொல் பேசவில்லை. பிறகு மெல்பேர்ணுக்குப் போய் கிளேட்டனில் அறை எடுத்து, பள்ளிக்கூடமொன்றில் ஜப்பானிய மொழி படிப்பிக்கிறாய். பாடுவதில்லை என்று உன்னோடு படிப்பிக்கிற பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் சத்தத்தால் உன் சத்தம் நின்றது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்க மூன்று வருடமாக முயன்றேன், ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வாயில் வந்தது.

ஆனால் மன்னிப்புக் கேட்டேன் என்பதற்காக, நீ இப்போது செய்யப்போவதைச் சரி என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய்? "குரல் கொடுக்கிறவை எல்லாரும் மறைஞ்சுதான் நிக்கினம் அம்மா. தற்ஸ் த ஆர்ட்" என்றாய், அதுதான் கலையாம். என்னை முட்டாள் என்று நினைக்காதே. முகம் காட்டாமல் வேலை செய்வதைப்பற்றி எனக்கு நீ படிப்பிக்கத் தேவையில்லை, நான் அந்த வேலையைத்தான் இருபது வருடமாகச் செய்கிறேன். அந்தத் தொடரில் பூனைக்குக் குரல் கொடுத்த கிழவரின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று நீயே ஒருநாள் சொன்னாய். சந்தையில் 'மீன், மீன்' என்று கூவின பெண்ணின் பெயர் இருக்கிறது. அவர்களுடைய முகத்தையும் ஒருவரும் காணவில்லை, அவர்கள் மறைந்து நிற்கிறார்கள். ஆனால் உன்னை மறைக்கவில்லை, துஷி, அழித்திருக்கிறார்கள். நீயும் ரப்பரைக் கையில் எடுத்துக் கொடுக்கப் போகிறாய். அந்தக் கதாபாத்திரத்தை இன்னொருவர் பேசினால் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்ததால்தான் மூன்று வருடம் கழித்து உன்னைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு நீ வேண்டும். இந்த நேரத்திலும் பெயரைப் போடு என்று கேட்க உனக்கு வாய் வரவில்லை என்றால், எந்த நேரத்தில் வரும்?

இன்னொன்று நடந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண்பிள்ளை ஆங்கிலத்தில் பேசினாள். சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள், ஆனால் எடுத்த சொல்லெல்லாம் நம்முடைய சிட்னிப் பேச்சு. நேரம் சரியா என்று கேட்டாள், சரி என்றேன், 'நோ வொரிஸ்' என்றாள். அந்த 'நோ வொரிஸ்' உன்னுடையது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. "ரினாவோ?" என்றேன். வைத்துவிடுவாளோ என்று பயந்து, "வைக்காதே பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவள் இப்போது ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாளாம். நிறுவனம் அவளிடமும் போயிருக்கிறது, முன்போலவே முன்னால் வந்து நிற்கச் சொல்லி. அவள் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்: உண்மையான ஆளின் பெயரைப் போட்டால்தான் அந்தத் தொடரின் பக்கம் வருவேன், இல்லாவிட்டால் இல்லை என்று. அதில் உன் முழுப் பெயரை எழுதவேண்டும், அவளுக்குத் தெரியாது. மூன்று வருடம் உன் குரலுக்கு வாயசைத்தவளுக்கு உன் பெயர் தெரியாது. ஆசிரியை என்று கூப்பிடத்தான் அனுமதி, துஷி என்பதையே நீ களவாகத்தான் சொன்னாயாம். உன்னிடம் கேட்டால் நீ தரமாட்டாய் என்று பயந்து, நீ எப்போதோ கொடுத்த வீட்டு நம்பரைத் தேடி எடுத்து எனக்கு அடித்திருக்கிறாள்.

நான் கள்ளி என்று சொன்ன பிள்ளை அவள்.

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். எழுதினாள். பிறகு ஜப்பானிய எழுத்தில் எழுதவேண்டும், அதற்குச் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்றாள். "துஷ்யந்தி" என்றேன். அவள் சொன்னாள், பிழை. திரும்பச் சொன்னேன், பிழை. 'ஷ்ய' அவளுக்கு வரவில்லை. மூன்றாம் தரமும் வரவில்லை, "வன்ஸ் மோர், மதர்" என்றாள். நாலாம் தரம் சரியாகச் சொன்னாள். அப்பா குசினியிலிருந்து கையில் அகப்பையோடு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அறையில் நான் சொன்ன சொல்லுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அந்தச் சொல் இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். 'ஃபெயர் இனஃப்' என்றாள், நான் சொன்னது நியாயம்தானாம். அதுவும் உன்னிடம் படித்ததுதான்.

பேக்கரியில் நின்று வேலை செய்கிற பிள்ளை உன் பெயருக்காகச் சண்டை பிடிக்கிறாள். பெயருக்குச் சொந்தக்காரி 'சேம் கொண்டிஷன்ஸ்' என்கிறாள். எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்? போகாதே என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் அப்படிச் சொல்லி ஐந்து கிழமை பேசாமல் இருந்தேன், அந்தப் பிழையைத் திரும்பச் செய்யமாட்டேன். போ. அந்த மைக்கின் முன்னால் உன் முகம் எப்படி இருந்தது என்று நான் கண்டவள், அந்த இடத்துக்கு நீ போகத்தான் வேண்டும். ஆனால் மேசையில் ஒப்பந்தத் தாளை வைத்தால், முதலில் உன் பெயர் எங்கே என்று பார். இல்லையென்றால் பேனாவைத் தொடாதே. அவர்கள் இன்னொரு குரலைத் தேடட்டும். கிடைத்தால் கிடைக்கட்டும். நீ இங்கே வந்து குசினி மேசையில் இருந்து பூனை மாதிரிப் பேசு, நானும் அப்பாவும் கேட்கிறோம். இந்தத் தரம் பஸ் போகுது என்று சொல்லமாட்டேன்.

வருகிற புதன்கிழமை சிட்னியில் விமானம் மாற உனக்கு மூன்று மணித்தியாலம் இருக்கிறதென்று அப்பா பார்த்துச் சொன்னார். அவர் லீவு போட்டுவிட்டார், நானும் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் வருவோம். கையெழுத்துப் போடுவாயா மாட்டாயா என்று அங்கே கேட்கமாட்டேன், உனக்கு முடிவெடுக்கத் தெரியும். நான் அப்போதும் கோபமாகத்தான் இருப்பேன். என்னுடைய முகத்தைக் கண்டுவிட்டுத் தூரத்தில் நிற்காதே. கிட்ட வா.

அம்மா